தமிழ் சொல்லாமல் விடும் 'இஸ்'

வேலையில் சேர்ந்த முதல் மாதம். நான் அனுப்பிய ஒரு மின்னஞ்சலை மேலதிகாரி அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்றே வரிகள்: "தி ரிப்போர்ட் ரெடி. தி ஃபிகர்ஸ் ராங். ஐ ஆம் அக்ரி வித் யுவர் கமென்ட்ஸ்." முதல் இரண்டு வரிகளிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால், எதுவுமே எழுதாத இடத்தில், சிவப்பு மையில் ஒரு சின்ன வட்டம். மூன்றாவது வரியில் 'ஆம்' மீது ஒரு கோடு. விளக்கம் ஒரு சொல்கூட இல்லை.

அந்தத் தாளை நான் தூக்கிப் போடவில்லை. வேண்டிய இடத்தில் 'இஸ்', 'ஆர்' இல்லை, வேண்டாத இடத்தில் 'ஆம்' இருக்கிறது என்பது அன்றைக்கே புரிந்தது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு பிழைகளும் ஒரே இடத்திலிருந்து முளைத்தவை என்று தெரியத்தான் பல ஆண்டுகள் ஆயின. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் பலரிடம் இதே இரண்டையும் பிறகு பார்த்திருக்கிறேன். அதனால் நான் வந்த வழியை எழுதுகிறேன்.

பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது இதுதான்: சப்ஜெக்ட் என்றால் எழுவாய், பிரெடிகேட் என்றால் பயனிலை, எழுவாயை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் பிரெடிகேட். தவறில்லை. ஆனால் 'மீதி' என்று சொன்னதால் அது ஏதோ மிச்சம் மீதி மாதிரி மனதில் தங்கிவிட்டது. உண்மையில் வாக்கியம் எழுதப்படுவதே அந்தப் பகுதிக்காகத்தான். பிரெடிகேட் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'எல்லோரும் அறியச் சொல்லுதல்' என்று பொருள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது எழுவாய். அவரைப் பற்றி என்ன அறிவிக்கிறோம் என்பது பிரெடிகேட். நம் 'பயனிலை' என்ற சொல்லும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. பெயரைச் சொன்னதன் பயன் எங்கே வந்து நிற்கிறதோ அந்த இடம்.

"மை சிஸ்டர் வொர்க்ஸ் இன் எ லைப்ரரி" என்ற வாக்கியத்தில் 'மை சிஸ்டர்' எழுவாய். 'வொர்க்ஸ் இன் எ லைப்ரரி' முழுவதும் பிரெடிகேட். அதன் உயிர் 'வொர்க்ஸ்'. இங்கேதான் எனக்கு யாரும் சொல்லாமல் விட்ட ஒரு விதி இருக்கிறது. ஆங்கில பிரெடிகேட்டின் உயிர் எப்போதும் ஒரு வினைச்சொல்லாகத்தான் இருக்க வேண்டும். செய்தித் தலைப்பு, அறிவிப்புப் பலகை போன்ற சுருக்க எழுத்துகளைத் தவிர இதற்கு விலக்கு இல்லை. தமிழில் அப்படி ஒரு கட்டாயமே கிடையாது.

"அவர் ஆசிரியர்." முழு வாக்கியம். "வானம் நீலம்." இதுவும் முழு வாக்கியம். வினை எங்கே என்று நாம் தேடுவதில்லை. தொல்காப்பியத்தின் வேற்றுமையியல், எழுவாய் ஏற்கும் பயனிலையை ஆறு வகையாகப் பிரிக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்களில் "ஆ கிடந்தது" என்ற வினையும் உண்டு. அதோடு "ஆ கரிது", "ஆ பல" என்பவையும் உண்டு. பசு கருப்பு, பசுக்கள் பல. இரண்டிலும் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ஒட்டுச்சொல் எதுவும் இல்லை. பெயரும் பண்பும் தாமே பயனிலையாக நிற்கலாம் என்பதை நம் மொழி அவ்வளவு பழைய காலத்திலேயே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. இதைப் படித்தபோதுதான் என் தாளில் இருந்த சிவப்பு வட்டம் புரிந்தது. "தி ரிப்போர்ட் ரெடி" என்று எழுதியபோது நான் கவனக்குறைவாக இருக்கவில்லை. தமிழ் இலக்கணப்படி மிகச் சரியான வாக்கியம் ஒன்றை ஆங்கிலச் சொற்களால் எழுதியிருந்தேன். ரஷ்ய மொழியிலும் அரபியிலும்கூட நிகழ்காலத்தில் இப்படிச் சொல்வதுதான் வழக்கம். இது அறிவுக் குறைவு அல்ல, மொழிகளின் கட்டுமான வேறுபாடு. இந்த ஒரு செய்தி எனக்கு 15 வயதில் கிடைத்திருந்தால் ஆங்கிலத்தின் மேல் இருந்த பயத்தில் பாதி போயிருக்கும்.

அந்த வட்டத்துக்குள் வரவேண்டியதுதான் லிங்கிங் வெர்ப், இணைப்பு வினை. இலக்கண நூல்களில் காப்யூலா என்றும் வரும். லத்தீனில் அதற்குக் கட்டு, பிணைப்பு என்று பொருள். எழுவாயையும் அதைப் பற்றிய செய்தியையும் சேர்த்துக் கட்டுவது மட்டுமே அதன் வேலை. செயல் எதையும் அது சொல்வதில்லை. முதன்மையானது 'பி'. அதற்கு பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன் என்று 8 வடிவங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இவை தனித்தனியாக ஒலிப்பதற்கும் காரணம் உண்டு. 'ஆம்', 'இஸ்' ஒரு பழைய வேரிலிருந்தும், 'பி', 'பீன்' இன்னொன்றிலிருந்தும், 'வாஸ்', 'வேர்' மூன்றாவது ஒன்றிலிருந்தும் வந்து ஒரே வினையாகக் கலந்துவிட்டன. மனப்பாடம் செய்யக் கடினமாக இருந்ததற்கு நான் காரணமில்லை என்று அறிந்தது பெரிய ஆறுதல்.

இனி மூன்றாவது வரி. "ஐ ஆம் அக்ரி." வட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள் அடுத்து விழும் குழி இது. 'இஸ்', 'ஆம்' விட்டுப்போகிறது என்று பயந்து எல்லா இடத்திலும் போடத் தொடங்குகிறோம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் பாடத்திலிருந்தே 'ஐ ஆம்' என்பது ஒரே சொல்லாக நாக்கில் உறைந்தும் விடுகிறது. 'நான்' என்பதற்கு 'ஐ ஆம்' என்று எழுதுகிறோம். ஆனால் 'அக்ரி' தானே ஒரு வினை. பிரெடிகேட்டுக்கு அதுவே உயிர் கொடுத்துவிட்டது. கட்டுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. நான் வைத்துக்கொண்ட பழக்கம் இது: 'ஆம்', 'இஸ்', 'ஆர்' எழுதிய உடனே அடுத்த சொல்லைப் பார்ப்பேன். அது பெயரா, பண்பா, இடமா, 'இங்' சேர்ந்த வடிவமா, 'ரிட்டன்', 'புரோக்கன்' போன்ற மூன்றாம் வடிவமா? அப்படி என்றால் சரி. 'கோ', 'அக்ரி', 'நோ' என்று மொட்டை வினையாக இருந்தால் முன்னால் உள்ளதை அடித்துவிடுவேன். எழுத்தில் இது இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. பேச்சில் இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

இதுவரை சொன்னது எளிய பகுதி. எனக்கு உண்மையான வெளிச்சம் கிடைத்தது அக்கா மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது. 9-ஆம் வகுப்பு. விடைத்தாளோடு வந்தாள்.

"சித்தி, 'ஷி சாங் பியூட்டிஃபுலி' சரின்னு போட்டிருக்காங்க. 'ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி' மட்டும் தப்பாம். எல்ஒய் சேர்த்தா ரெண்டுலயும் சேர்க்கணும், இல்லன்னா ரெண்டுலயும் விடணும். அதானே நியாயம்?"

"ரெண்டையும் தமிழ்ல சொல்லு, பார்ப்போம்."

"அழகாகப் பாடினாள். அழகாக இருக்கிறாள்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அந்த இரண்டு 'அழகாக'வையும் அப்போதுதான் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிக்கல் முழுவதும் அங்கேயே இருந்தது. தமிழில் 'ஆக' என்ற ஒரே ஒட்டு இரண்டு வேலை செய்கிறது. 'அழகாகப் பாடினாள்' என்பதில் பாட்டு எப்படி இருந்தது என்று வினையை விளக்குகிறது. 'அழகாக இருக்கிறாள்' என்பதில் அவள் எப்படி என்று எழுவாயை விளக்குகிறது. நமக்கு வடிவம் ஒன்று. ஆங்கிலத்துக்கு இரண்டு. வினையை விளக்கினால் அட்வெர்ப், 'பியூட்டிஃபுலி'. எழுவாயை விளக்கினால் அட்ஜெக்டிவ், 'பியூட்டிஃபுல்'. 'ஆக என்றால் எல்ஒய்' என்று நாம் மனதில் போட்டு வைத்திருக்கும் சமன்பாடு பாதி நேரம்தான் பலிக்கும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வியைத்தான் கற்றுக்கொடுத்தேன். 'ஆக' வந்தால் கேள்: யார் அப்படி, அல்லது எந்தச் செயல் அப்படி? "குரல் இனிமையாக ஒலிக்கிறது." எது இனிமை? குரல். எனவே "ஹெர் வாய்ஸ் சவுண்ட்ஸ் ஸ்வீட்". "அவர் கோபமாகத் தெரிகிறார்." யார் கோபம்? அவர். எனவே "ஹி லுக்ஸ் ஆங்ரி". "அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார்." பார்வை கோபமானது, அதாவது பார்க்கும் செயல். எனவே "ஹி லுக்ட் அட் மீ ஆங்ரிலி". கடைசி இரண்டு வாக்கியங்களிலும் ஆங்கில வினை 'லுக்'தான். தமிழோ ஒன்றில் 'தெரிகிறார்' என்றும் மற்றொன்றில் 'பார்த்தார்' என்றும் தானே பிரித்துத் தருகிறது. 'ஆக'வில் நம்மைக் குழப்பிய மொழி வினையில் வழியும் காட்டுகிறது.

லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஆகிய ஐந்து புலன் வினைகளும் இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்கின்றன. "தி டாக் ஸ்மெல்ஸ் பேட்" என்றால் நாயிடமிருந்து நாற்றம் வருகிறது. "தி டாக் ஸ்மெல்ஸ் பேட்லி" என்று எழுதினால் அதன் மோப்ப சக்தி சரியில்லை என்ற பொருளுக்குப் போய்விடும். வருத்தமாக இருக்கிறது என்று சொல்ல "ஐ ஃபீல் பேட்" போதும். மரியாதையாக ஒலிக்கட்டும் என்று 'பேட்லி' ஆக்குபவர்கள் ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களிலும் உண்டு. எல்ஒய்-யில் முடிவதெல்லாம் அட்வெர்ப் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். 'ஃபிரண்ட்லி', 'லோன்லி' இரண்டும் அட்ஜெக்டிவ்தான். எனவே "ஷி சீம்ஸ் ஃபிரண்ட்லி" சரியான வாக்கியமே.

ஒரு வினை இணைக்கிறதா, செயலைச் சொல்கிறதா என்று கண்டுபிடிக்கப் பாடநூல்கள் தரும் சோதனை, அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பார்ப்பது. "தி ரூம் ஃபீல்ஸ் கோல்ட்" என்பதை "தி ரூம் இஸ் கோல்ட்" என்று மாற்றினாலும் பொருள் நிற்கிறது. எனவே இணைப்பு வினை. "ஷி ஃபெல்ட் தி வால்" என்பதில் போட்டால் அவளே சுவராகிவிடுவாள். எனவே அது செயல். நல்ல சோதனைதான். ஆனால் நம்மிடம் அதைவிடக் கூர்மையான கருவி ஒன்று இருக்கிறது: இரண்டாம் வேற்றுமை உருபு. "அவர் மருத்துவரைச் சந்தித்தார்", "அவர் மருத்துவர் ஆனார்." முதலாவதில் மருத்துவர் வேறு ஆள். அதனால் 'ஐ' உருபு ஏற்று 'மருத்துவரை' என்று வருகிறது. இரண்டாவதில் அவரும் மருத்துவரும் ஒருவரே. 'மருத்துவரை ஆனார்' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். உருபு ஏற்க இடம் இருந்தால் அது ஆப்ஜெக்ட், செயப்படுபொருள். இடமே இல்லையென்றால் காம்ப்ளிமென்ட், எழுவாயின் நிறைவுச்சொல். 'பிகம்', 'ரிமெயின்' போன்றவற்றுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்துத் திணறும்போதெல்லாம் தமிழில் மாற்றி உருபை ஒட்டிப் பார்ப்பேன். இதுவரை கைவிட்டதில்லை. ஆப்ஜெக்ட் இல்லாததால்தான் இணைப்பு வினைகளைச் செயப்பாட்டு வினையாகத் திருப்பவும் முடிவதில்லை.

படம் போட்டுக் கற்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவின் அலான்சோ ரீட், பிரைனெர்ட் கெல்லாக் இருவரும் 1877-ல் வெளியிட்ட ஆங்கிலப் பாடநூல், வாக்கியத்தைக் கோடுகளாக வரையும் முறையைப் பரப்பியது. படுக்கைக் கோட்டின் மேல் எழுவாயும் வினையும். நடுவே ஒரு குறுக்குக் கோடு. வினைக்குப் பின் ஆப்ஜெக்ட் வந்தால் அதற்கு முன் நேராக நிற்கும் சிறு கோடு. காம்ப்ளிமென்ட் வந்தால் எழுவாயின் பக்கம் பின்னால் சாய்ந்த கோடு. அந்தச் சாய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 'நான் சொல்வது அதோ அவரைப் பற்றி' என்று அந்தச் சொல் திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். அக்கா மகளின் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக இந்தக் கோடுகள்தான்.

மாற்றத்தைச் சொல்லும் இணைப்பு வினைகளில் விதியைவிடப் பழக்கமே பெரிது. "தி லீவ்ஸ் டர்ன்ட் எல்லோ", "தி வெல் ரான் ட்ரை", "ஹி ஃபெல் இல்", "தி ட்ரீம் கேம் ட்ரூ". கெடுதலான மாற்றத்துக்குப் பெரும்பாலும் 'கோ' வரும்: 'கோ ராங்', 'கோ பிளைண்ட்'. இவற்றைத் தனித்தனியாக அல்ல, ஜோடியாகவே மனதில் வைக்க வேண்டும்.

அடுத்ததற்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். உடலும் மனமும் உணர்வதைத் தமிழ் நான்காம் வேற்றுமையில் சொல்கிறது. எனக்குப் பசிக்கிறது. எனக்குக் குளிர்கிறது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தூக்கம் வருகிறது. எனக்கு 30 வயது. இவை எதிலும் 'நான்' எழுவாயாக இல்லை. பசியும் கோபமும் எங்கிருந்தோ நம்மிடம் வருகின்றன. ஆங்கிலம் இதை அப்படியே புரட்டுகிறது. உணர்பவரை எழுவாயில் உட்காரவைத்து, உணர்வை இணைப்பு வினையால் அவரோடு கட்டுகிறது: "ஐ ஆம் ஹங்ரி", "ஐ ஆம் கோல்ட்", "ஐ காட் ஆங்ரி", "ஐ ஃபீல் ஸ்லீப்பி", "ஐ ஆம் தர்ட்டி". "ஆங்கர் கேம் டு மீ" என்று நான் ஒருமுறை எழுதியிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் வாசித்தவருக்குப் புரியவில்லை. இப்போது 'எனக்கு', 'அவளுக்கு' என்று மனதில் வாக்கியம் தொடங்கினாலே நின்று யோசிப்பேன். பெரும்பாலும் அங்கே ஓர் இணைப்பு வினை காத்திருக்கும். எல்லா நேரமும் அல்ல. "எனக்குக் காய்ச்சல்" என்பது "ஐ ஹாவ் எ ஃபீவர்" ஆகும். "எனக்குத் தெரியும்" என்பது "ஐ நோ".

எதிர்மறையில் நிலைமை தலைகீழ். அங்கே தமிழ்தான் நுட்பமானது. "அவர் ஆசிரியர் அல்லர்" என்பது அடையாளத்தை மறுக்கிறது. "அவர் அறையில் இல்லை" என்பது இருப்பை மறுக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'இஸ் நாட்' ஒன்றுதான். இந்த வேறுபாட்டை அறிந்தவருக்கு 'இஸ்' சில இடங்களில் கட்டுகிறது, சில இடங்களில் இருப்பைச் சொல்கிறது என்பது எளிதில் பிடிபடும்.

"தி விண்டோ வாஸ் புரோக்கன்" போன்ற வாக்கியம் இரண்டு பக்கமும் பேசும். நான் போனபோது உடைந்திருந்தது என்றால் 'வாஸ்' இணைப்பு வினை. யாரோ உடைத்தார்கள் என்றால் அது செயப்பாட்டு வினையின் துணைவினை. சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேர்வில் சூழல் தராமல் இதைக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இருபுறமும் பெயர்ச்சொல் வந்தால், ஒருமை பன்மையைத் தீர்மானிப்பது எழுவாய். "மை ஒன்லி ஒர்ரி இஸ் தி எக்ஸாம்ஸ்." 'எக்ஸாம்ஸ்' பன்மையாக இருந்தாலும் 'ஒர்ரி' ஒருமை என்பதால் 'இஸ்'.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். 1965-ல் டேவிட் போர்லண்ட் என்பவர் 'பி' வினையே இல்லாத ஆங்கிலத்தை முன்வைத்தார். ஈ-பிரைம் என்று அதற்குப் பெயர். அவர் நோக்கம் வேறு, சிந்தனைத் தெளிவு பற்றியது. நான் அதை இலக்கணப் பயிற்சியாக எடுத்துக்கொண்டேன். நான் எழுதிய ஒரு பத்தியை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு 'இஸ்', 'வாஸ்' ஆகியவற்றையும் அகற்றிவிட்டு எழுதப் பார்ப்பேன். "ஹி இஸ் எ டீச்சர்" என்பது "ஹி டீச்சஸ்" ஆகும். "தி பிளான் இஸ் டிஃபிகல்ட்" என்பதை மாற்றத் திணற வேண்டியிருக்கும். அந்தத் திணறலில்தான் 'இஸ்' அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கை உணரும். வாரத்துக்கு ஒரு பத்தி, 3 மாதம். எந்தப் பயிற்சி ஏடும் எனக்கு இந்த அளவு பயன்பட்டதில்லை.

போன வாரம் அக்கா மகள் ஒரு வாக்கியத்தோடு வந்தாள். "ஹி கேம் ஹோம் டயர்ட்." இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

"சித்தி, 'கேம்' செயல்தானே? 'இஸ்' போட்டா பொருந்தல. ஆனா டயர்ட்ங்கறது வந்ததைச் சொல்லல, அவரைத்தான் சொல்லுது. எல்ஒய்யும் இல்ல."

தமிழில் சொல்லச் சொன்னேன். "களைத்துப்போய் வீட்டுக்கு வந்தார்" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குறிப்பேட்டை எடுத்து இரண்டு படுக்கைக் கோடுகள் போட்டாள். ஒன்றின் மேல் "ஹி கேம் ஹோம்". அதன் கீழே இன்னொன்றில் "ஹி வாஸ் டயர்ட்", 'டயர்ட்'டுக்கு முன்னால் பின்பக்கம் சாய்ந்த கோடு. ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு அறிவிப்புகள், இரண்டாவதன் 'வாஸ்' மட்டும் வெளியே தெரியவில்லை. ஆங்கிலமும் சில இடங்களில் நம்மைப் போலச் சொல்லாமல் விடுகிறது என்று அவள்தான் எனக்குக் காட்டினாள்.